மணல் பெட்டி இருந்தும் துணிக்கூடையில் மூத்திரம் போகும் கடுவன் பூனை

கேள்வி: பட்டர்வொர்த் வாசகர், 14 ஜனவரி 2025

எங்கள் கடுவன் ராஜாவுக்கு மூன்று வயது. கருத்தடை செய்தாகிவிட்டது. இரண்டு வருடம் ஒழுங்காக மணல் பெட்டியில் போனவன், போன மாதம் எனக்கு இரவு ஷிஃப்ட் மாறியதிலிருந்து துணிக்கூடையிலும் என் கட்டிலிலும் போகிறான். விட்டுவிட்டுப் போகிற கோபத்தில் பழிவாங்குகிறான் என்கிறார் அத்தை. மூக்கை அதில் தேய்த்து நாலு அடி போடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது அக்கா?

14 ஜனவரி, இரவு

அடிக்காதீர்கள் தம்பி. மூக்கைத் தேய்க்கவும் வேண்டாம். அதிலிருந்து பூனை கற்றுக்கொள்வது ஒன்றுதான், நீங்கள் கிட்டே வந்தால் ஆபத்து என்பது. பிறகும் அது போகத்தான் போகும். உங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, சோபாவுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில் போகும்.

ஒன்று சொல்லுங்கள். கட்டிலில் பெரிய குளமா, இல்லை அங்கே இரண்டு சொட்டு இங்கே இரண்டு சொட்டா? பெட்டிக்குள் ஏறி ஏறி இறங்குகிறானா? முக்கும்போது கத்துகிறானா? அடியை ஓயாமல் நக்குகிறானா?

முக்கியும் ஒரு சொட்டு கூட வரவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். பொங்கல் நாள், இரவு நேரம் என்று பார்க்காமல் திறந்திருக்கிற ஏதாவது ஒரு கால்நடை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கடுவனின் மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளுக்குள் உயிர் போய்விடும்.

15 ஜனவரி

கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, மூச்சு வந்தது. ஆனாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

பழிவாங்கல் பேச்சை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னார். நான் இருப்பது பினாங்கு ஃபார்லிமில், அடுக்குமாடி வீடு. வீட்டிலேயே தையல் வேலை. எங்கள் பொட்டு ஐந்து வயதுக் கடுவன். போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அம்மா சாமி மேடைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த புடவையின் மேல் போய்விட்டான். மறுநாள் வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போன காஞ்சிபுரம் ரவிக்கைத் துணியின் மேல். அம்மா அன்றைக்கு, மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடு, மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்றார். இங்கே பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் போனால் தெரியும், கழுத்துப் பட்டையோடு திரிகிற பூனைகள். வீட்டில் வளர்ந்தது அங்கே என்ன பிழைக்கும்? மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்று இருக்கிறது. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா எதுவும் பேசவில்லை, புடவையை ஊறவைக்கப் போய்விட்டார்.

பொட்டு ஏன் துணியைத் தேடினான் என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் உட்காரும்போதெல்லாம் வலித்திருக்கிறது. பூனைக்கு அந்த வலி தன் வயிற்றில் இருந்து வருகிறது என்று தெரியாது, பெட்டிதான் வலிக்கவைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் மெத்தென்று, குளிர்ச்சியாக, உங்கள் வாசனை அடிக்கிற வேறு இடமாகத் தேடுகிறது. உங்கள் கட்டில், உங்கள் அழுக்குத்துணி. அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

15 ஜனவரி, இன்னும் ஒன்று

டாக்டரிடம் போகும்போது மூத்திரம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போங்கள். பெட்டியைக் கழுவிக் காயவைத்து, மணலுக்குப் பதிலாகச் சுத்தமான பிளாஸ்டிக் மணிகளைப் போட்டால் மூத்திரம் அடியில் தேங்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

17 ஜனவரி

மேலே ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன், அது அரைகுறையான யோசனை. திருத்திக்கொள்கிறேன். நான் அப்படித்தான் ராத்திரி பிடித்து ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் படிகங்கள் தெரிந்தன. கல் வரப்போகிறது என்று பயந்து அழுதுவிட்டேன். டாக்டர் பிறகு பொட்டுவின் வயிற்றில் மெல்லிய ஊசி வைத்து நேராக மூத்திரப் பையிலிருந்தே எடுத்தார், அதில் ஒரு படிகம் கூட இல்லை. குளிரில் வெகுநேரம் இருந்தால் நல்ல மூத்திரத்திலும் படிகம் விழுமாம். ஆகவே பிடித்த உடனே கொண்டுபோங்கள், முடியாவிட்டால் அவர்களே எடுக்கட்டும். ஊசி என்றதும் பதறாதீர்கள், பொட்டு அதைவிட நகம் வெட்டுவதற்குத்தான் அதிகம் கத்துவான்.

படம் எடுத்தார்கள், கல் இல்லை. கிருமியும் இல்லை. இளம் பூனைகளுக்குக் கிருமித்தொற்று அபூர்வம், அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில் பலன் இல்லை என்றார். மூத்திரப் பை அழற்சி, காரணம் இன்னதென்று பிடிபடாத வகை. பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளில் இதுதான் அதிகம் பார்க்கிறார்களாம். மன உளைச்சலில் கிளம்பும், ஒரு வாரத்தில் தானாக அடங்கும், பிறகு ஒரு நாள் திரும்ப வரும்.

உங்கள் ஷிஃப்ட் மாறியதோடு ராஜாவின் தொல்லை தொடங்கியது என்றால் அத்தை காலத்தைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். கோபம் என்றதுதான் தப்பு.

18 ஜனவரி

பார்லித் தண்ணீர் கொடுத்தேன், நான்கு நாளில் சரியாகிவிட்டது என்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். உடம்புச் சூடு என்று எங்கள் பாட்டியும் பார்லிதான் காய்ச்சுவார், எனக்கும் அதில் பாசம் உண்டு. ஆனால் தானாகவே ஒரு வாரத்தில் அடங்குகிற நோய்க்கு எதைக் கொடுத்தாலும் கேட்டதாகத்தான் தோன்றும். கேட்டது பார்லியா, நாட்களா? உப்பும் சர்க்கரையும் போடாமல் கொடுத்தால் கெடுதல் இல்லை. அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் கெடுதல்.

வலிக்கிறதே என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும் பூனை செத்துப்போக. பாராசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை.

20 ஜனவரி

பாச்சை உருண்டையைக் கட்டிலுக்கு அடியில் போட்டு விரட்டச் சொல்லும் யோசனையையும் பார்த்தேன். வேண்டவே வேண்டாம். நாஃப்தலீன் பூனைக்கு விஷம். சூடமும் அப்படியே. ‘செராய் வாஙி’ என்கிற வாசனைப் புல் எண்ணெயை ஊற்றித் தரை துடைப்பது இங்கே பல வீட்டில் வழக்கம், நானும் செய்துகொண்டிருந்தேன். அது ஈரத்தோடு பாதத்தில் ஒட்டும், பூனை பாதத்தை நக்கும். தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகிற கிருமிநாசினி வகைகளும் ஆகாது.

பிளீச்சை மூத்திரத்தின் மேல் நேராக ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் எழும் வாயு உங்கள் நெஞ்சையே அடைக்கும்.

நான் காடி ஊற்றித் துடைக்கிறேன், அதுவே போதும்.

26 ஜனவரி

காடி போதும் என்றது தப்பு. மூன்று நாளாக மழை, வீடு முழுக்க ஈரக்காற்று. நவம்பரிலேயே துடைத்து முடித்ததாக நினைத்த மெத்தை நேற்று மறுபடி நாறுகிறது. மூத்திரத்தின் மிச்சம் தண்ணீரிலும் காடியிலும் சரியாகக் கரையாமல் பஞ்சுக்குள்ளேயே காய்ந்து கிடக்கிறது. ஈரம் பட்டால் வாடை எழும்பும். பினாங்கு ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? நமக்கு வாடை தெரியாத நாளிலும் பூனைக்குத் தெரியும், இதுதான் என் கழிப்பிடம் என்று திரும்ப வந்து உட்காரும்.

கேட்பது என்சைம் கலந்த திரவம் மட்டும்தான். பூனை, நாய் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். அதிலும் நான் முதலில் செய்த பிழை, மேலாகத் தெளித்து உடனே துடைத்தது. மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் திரவமும் போகவேண்டும். கொட்டி, ஈரத்துணி மூடி, பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் வரை ஊறவிட்டு, பிறகு தானாகக் காயவிடவேண்டும். சோப்போ காடியோ முன்பே போட்டிருந்தால் முதலில் தண்ணீரால் அலசிவிடுங்கள், இல்லையென்றால் என்சைம் வேலை செய்யாது.

கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதாக் கதிர் டார்ச் ஒன்று வாங்கினேன். ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுத் தையல் அறையில் அடித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது நான்கு இடம். டார்ச் காட்டியது பதினொன்று. மஞ்சளும் பச்சையுமாக, காய்ந்த கஞ்சி வடிந்தது போல. கட்டில் கால் ஒன்றின் பின்புறம் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு வேறு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவ்வளவு நாளும் வலியோடு சுற்றியிருக்கிறானே என்றார். பூனையைப் பற்றி அம்மா அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

26 ஜனவரி, அந்தக் கோட்டைப் பற்றி

அது வேறு விஷயம். உட்கார்ந்து தரையிலோ துணியிலோ போனால் அது கழிப்பது. நின்றபடி, வால் நடுங்க, சுவரிலோ கதவிலோ பீய்ச்சினால் அது எல்லை போடுவது. கருத்தடை செய்த கடுவன்களில் பெரும்பாலானவை இதை விட்டுவிடும், சில விடாது. எங்கள் நடைபாதையில் ஒரு தடியன் கடுவன் ராத்திரியில் வந்து கம்பிக் கதவில் பீய்ச்சிவிட்டுப் போவான். அவனுக்குப் பதில்தான் கட்டில் காலில் இருந்தது. கதவின் அடிப்பாகத்தை அட்டையால் மறைத்து, வெளியே அவன் பீய்ச்சிய இடத்தையும் என்சைமால் கழுவினேன். அதோடு நின்றது.

கருத்தடை செய்யாத கடுவனின் மூத்திரம் அப்படி நாறுவதற்குக் காரணம் ஃபெலினின் என்ற பொருள். கந்தகம் உள்ளது. உடைய உடைய வாடை ஏறும், அதனால்தான் முதல் நாளைவிட மூன்றாம் நாள் மோசம்.

30 ஜனவரி

ராஜாவுக்கும் கல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இப்போது பெட்டியைப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியபடி உங்கள் வீட்டில் இரண்டு பூனை, ஒரு பெட்டி, அதுவும் மூடி போட்டது, வாஷிங் மிஷினுக்குப் பக்கத்தில். இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி வேண்டும். மூன்றையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான், தனித்தனி இடமாக வையுங்கள். மூடியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே போனால் வெளியே யார் வருகிறார்கள் என்று தெரியாது, மற்றொரு பூனை வாசலில் காத்திருந்து பாய்ந்தால் தப்ப வழியும் இல்லை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் பெட்டிக்கு இருக்கவேண்டும். கடையில் பூனைப் பெட்டி என்று விற்பவை பெரும்பாலும் குட்டைதான். நான் கட்டிலுக்கு அடியில் துணி வைக்கிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தைச் சூடான கத்தியால் தாழ்வாக வெட்டிக்கொண்டேன். வயதான பூனைக்கு மூட்டுவலி இருந்தால் இன்னும் தாழ்வாக வெட்டவேண்டும்.

வாசனை சேர்த்த மணல் நம் மூக்குக்காகச் செய்தது, பூனைக்கு ஆகாது. எனக்குச் சோயாவில் செய்த தோஃபு மணல் பிடிக்கும், கழிவறையில் கொட்டலாம், தூசி இல்லை. ஆனால் பொட்டுவுக்குப் பொடியான பென்டோனைட் களிமண் மணல்தான் பிடித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன், பத்தில் எட்டு தடவை பென்டோனைட்டில் போனான்.

எங்கள் வீட்டில் தப்பு எங்கே என்றால், தீபாவளி அவசரத்துக்கு ஒரு பழைய ஓவர்லாக் மிஷின் வாங்கிப் பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டேன். மிதித்தால் தரையே அதிரும். அவன் உட்காரும் நேரத்தில் நான் மிதித்திருக்கிறேன். ஐந்து வருடமாக அந்த மூலையில்தானே போகிறான் என்று பெட்டியை அங்கேயே விட்டுவிட்டேன். மிஷின் வந்த தேதியையும் புடவை நனைந்த தேதியையும் ரசீதில் ஒப்பிட்டுப் பார்த்தேன். நடுவில் ஆறு நாள்.

6 பிப்ரவரி, விடிகாலை 2 மணி

தூக்கம் இல்லை. சீனப் பெருநாளின் ஒன்பதாம் நாள், நள்ளிரவில் தொடங்கிய பட்டாசு இன்னும் ஓயவில்லை. ஹொக்கியன் மக்களுக்கு இது பெருநாளைவிடப் பெரிய இரவு, கரும்பு கட்டி வாசலில் மேசை போட்டு வானத்துத் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள். கீழ்வீட்டு ஆன்ட்டி சாயங்காலமே வந்து, பூனையை உள்ளே வை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நினைவில் வைத்துக்கொண்டதே எனக்குப் பெரிது.

படுக்கை அறையில் ஜன்னலை அடைத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டைப் பெட்டி, அதில் என் பழைய நைட்டி, அறைக்குள்ளேயே ஒரு மணல் பெட்டி, தண்ணீர். பொட்டு அட்டைக்குள் இருக்கிறான், கண் மட்டும் தெரிகிறது. நான் தரையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். அவனை வெளியே இழுத்து மடியில் வைக்கவேண்டும் போல இருக்கிறது. கூடாது. ஒளியவிட்டால்தான் அவனுக்கு ஆறுதல்.

முன்பு ஒருவன் இருந்தான், கருவாயன். 2019-ல் போய்விட்டான். பெட்டியில் உட்கார்ந்து முக்கினான், நான் மலச்சிக்கல் என்று நினைத்தேன். பூசணியை வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். மறுநாள் வாந்தி. அடிவயிற்றைத் தொட்டால் பழுக்காத ஆரஞ்சு போலக் கல்லாக இருந்தது. கிளினிக்குக்குத் தூக்கிப் போகும்போதே உடம்பு சில்லிட்டுவிட்டது. முதல் குறிப்பில் உங்களை ஓடச் சொன்னது அதனால்தான் தம்பி. முக்குவதைப் பார்த்தால் பின்வழியா முன்வழியா என்று நாம் முடிவு செய்யக் கூடாது.

12 பிப்ரவரி

பட்டாசில் தப்பித்தவன் தைப்பூசத்தில் மாட்டிக்கொண்டான். சுங்கை பட்டாணியிலிருந்து சின்னம்மா குடும்பம் எட்டுப் பேர் வந்து மூன்று இரவு தங்கினார்கள். ரதம் பார்க்க ஒரு நாள், தண்ணீர்மலை ஏற ஒரு நாள். படுக்கை அறையில் பிள்ளைகள் படுக்க, யாரோ மணல் பெட்டியை வெளித்தாழ்வாரத்துக்கு நகர்த்திக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நான் பால்குடம் எடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், சித்தப்பாவின் திறந்த பையில் போயிருக்கிறான். வெளியூர் வாசனை அடிக்கிற பை, கதவு சாத்தின பெட்டி, அவன் வேறு எங்கே போவான்?

சித்தப்பா கோபப்படவில்லை. அம்மாதான் முந்திக்கொண்டு, அவனைத் திட்டாதே, நாம்தான் கக்கூஸ் கதவைச் சாத்தினோம் என்றார்.

இன்று காலை பெட்டியில், மூத்திரம் பட்டு இறுகிய மணல் கட்டி மூன்று, புளியங்கொட்டை அளவு, ஒன்றில் இளஞ்சிவப்பு. திரும்ப வந்துவிட்டது. அடைப்பு இல்லை. டாக்டரிடம் பேசினேன், வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்.

13 பிப்ரவரி

நேற்று அளவு சொன்னதை விளக்கிவிடுகிறேன், இது எல்லோருக்கும் உதவும். கட்டியாகிற மணல் என்றால் தினமும் கட்டிகளை எண்ணுங்கள். ஒரு பூனைக்கு நாளைக்கு இரண்டு முதல் நான்கு. பொட்டுவுக்கு நலமான நாளில் மூன்று, பெரிய நெல்லிக்காய் அளவு. எண்ணிக்கை கூடி அளவு புளியங்கொட்டையாகச் சுருங்கினால் பையில் எரிச்சல். எண்ணிக்கையும் அளவும் இரண்டுமே கூடினால், அதிலும் வயதான பூனை என்றால், சிறுநீரகமோ சர்க்கரையோ பார்க்கச் சொல்லுங்கள். கட்டியே இல்லை என்றால் ஓடுங்கள்.

பூனையின் முன்னோர் வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப் பூனைகள். தாகம் தெரியாத உடம்பு, இரையில் இருக்கும் நீரிலேயே காலம் தள்ளும், மூத்திரத்தைக் கெட்டியாக்கி விடும். உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், டின் உணவில் முக்கால் பங்குக்கு மேல். நான் ராத்திரி வேளைக்கு டின்னில் இரண்டு கரண்டி வெந்நீர் கலந்து கொடுக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி மூன்று இடத்தில்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற மருத்துவர் இந்த நோயையே பல ஆண்டு ஆராய்ந்தார். 2006-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 46 பூனைகளின் வீட்டுச் சூழலை மாற்றிப் பார்த்தார்கள். ஒளிய இடம், ஏற உயரம், விளையாட்டு, வேளை தவறாத பழக்கம். மூத்திரத் தொல்லை நன்றாகக் குறைந்தது, பயமும் குறைந்தது. உங்கள் ஷிஃப்டை மாற்ற முடியாது, சரி. வேலைக்குக் கிளம்பும் முன் பதினைந்து நிமிடம் கயிறு இழுத்து விளையாடி, பிறகு சோறு வைத்துவிட்டுப் போங்கள். தினமும் அதே வரிசை. நேரம் மாறினாலும் வரிசை மாறக் கூடாது.

2 மார்ச்

பொட்டு எட்டாம் நாள் சரியானான். பார்லி கொடுக்கவில்லை.

ராஜா பத்து நாளாகக் கட்டிலில் போகவில்லை, துணிக்கூடையில் ஒரே ஒரு தடவை என்று எழுதியிருந்தீர்கள். அது தோல்வி இல்லை தம்பி. கூடைக்கு மூடி போட்டுவிடுங்கள், கூடை இருந்த இடத்தில் ஒரு பெட்டியை வையுங்கள். அவன் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பெட்டி போகட்டும். பிறகு வேண்டுமானால் நாளுக்கு ஒரு சாண் என்று நகர்த்துங்கள்.

அத்தை விளையாட்டுக் கயிறு தைத்துக் கொடுத்ததைப் படித்தேன். அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

23 மார்ச்

ஓவர்லாக் மிஷினைச் சமையலறைப் பக்கம் நகர்த்தியாகிவிட்டது. அடியில் பழைய ரப்பர் மிதியடி இரண்டு மடித்துப் போட்டேன், அதிர்வு பாதியாகக் குறைந்தது. நோன்புப் பெருநாள் துணி குவிந்து கிடக்கிறது, பாஜு குரோங் மட்டும் பதினான்கு. எல்லாம் மூடி போட்ட தொட்டியில். வேலை முடிகிறவரை மிதிப்பது காலை ஒன்பதிலிருந்து ஆறு வரைதான் என்று வைத்திருக்கிறேன், ராத்திரியில் கைத்தையல்.

பெருநாள் வாணவேடிக்கைக்கு அலமாரித் தட்டைத் திரும்பத் தயார் செய்யவேண்டும். அம்மா தன் பழைய புடவையைக் கிழித்து அதில் விரித்துவிட்டார், அந்தப் புடவையைத்தான். இன்று காலை மூன்று கட்டி.